கொக்கியா, அலையா

பதில் வர முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. வந்தது ஒரே வரி.

லுவா அதை ஈரக் கையோடு படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். எழுதியது, வேலைக்கு எடுத்திருந்த தியெப்தான். ஆனால் வியட்நாமிய எழுத்தின் தலையில் போட வேண்டிய கொக்கி, அலை என்று ஒரு குறிகூட இல்லை. எல்லாம் மொட்டை எழுத்து. 'அக்கா, இன்னும் கொஞ்ச நாள் யோசிக்க விடுங்க' என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டாள் லுவா.

நா ட்ராங் நகரில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் நாலாவது தெருவில் அவளுடைய சலவைக்கூடம். சின்ன ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அழுக்காக வந்து வெளுப்பாகத் திரும்பிப் போகும். ரத்தக் கறை, ஒயின் கறை, மீன் சாஸ் கறை எதுவானாலும் எடுத்துவிடுவாள். வராதது கடிதப் போக்குவரத்து. போன மழைக்காலத்தில் ஒரு ஓட்டல் புது விலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. அந்த ஓட்டலின் விரிப்புகள் வேறு யாருடைய வண்டியிலோ ஏறுவதைப் பார்த்த பிறகுதான் லுவா மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள்.

இப்போது மிச்சமிருந்ததில் பெரிய ஓட்டல், அடுத்த வருஷத்து ஒப்பந்தத்துக்காகப் பக்கம் பக்கமாகக் கேள்வி அனுப்பியிருந்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவும் கைவிட்டுப் போனால் பாதி இயந்திரங்களுக்கு வேலை இருக்காது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கும் இருக்காது.

அதனால்தான் கடிதம் எழுத ஓர் ஆள் தேடினாள். தேடுவதற்கு முன்னால், வார்டு மாதர் சங்கம் சிறுதொழில்காரர்களுக்கு நடத்திய வகுப்புக்கும் போய்வந்தாள். ஒரு கடிதத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்றார் பாடம் நடத்திய அம்மா. உடனே பதில் தெரியாவிட்டாலும் 'உங்கள் கடிதம் கிடைத்தது, இன்ன நாளில் சொல்கிறோம்' என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஆளைப் பேச்சை வைத்து எடுக்கக் கூடாது. செய்யப்போகிற வேலையில் ஒரு துணுக்கைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் குழந்தை பெறும் உத்தேசம் உண்டா என்று கேட்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. எல்லாரும் கேட்கிற கேள்வி அது. கேட்காவிட்டால் ஆறாம் மாதத்தில் யார் வேலை பார்ப்பது?

விளம்பரம் பார்த்து எழுதியவர்களில் ஒருவன் லுவாவை 'மதிப்பிற்குரிய ஐயா' ஆக்கியிருந்தான். ஒருத்தி, தனக்குச் சிறு வயதிலிருந்தே இறால் ஏற்றுமதியில் ஆசை என்றாள். வேறு எங்கோ அனுப்பிய கடிதத்தில் பேரை மட்டும் மாற்றியிருக்கிறாள். இன்னொரு பையன் 'அன்புள்ள பெரியம்மா' என்று தொடங்கியிருந்தான். லுவாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவன் கடிதத்தை அவள் மேற்கொண்டு படிக்கவில்லை.

தேறியவர்கள் இரண்டு பேர்: துங் என்ற பையனும் தியெப்பும். தலையணை உறை குறைகிறது என்று ஓட்டல்காரர் ஒருவர் திட்டி எழுதிய பழைய கடிதத்தைக் கொடுத்து, பதில் எழுதச் சொன்னாள். துங் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருந்தான். தியெப் ஒரு தடவை கேட்டுவிட்டு, எத்தனை உறை எப்போது வந்து சேரும் என்று எழுதியிருந்தாள். ஒரு கொக்கி, ஒரு புள்ளி விடுபடவில்லை. லுவா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து தேநீர் ஊற்றும்போது கேட்கக் கூடாத அந்தக் கேள்வியையும் கேட்டாள். தியெப் ப்ளீச் வாடை தாங்காமல் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு இல்லை அக்கா என்றாள். ஒன்றாம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டல் அவசரப்படுத்தியதும் லுவா வெள்ளிக்கிழமைக் கெடுவைச் சொல்லி அவளுக்கு எழுதினாள். ஒன்றாம் தேதிக்குப் பதில் இந்தத் திங்களே வர முடியுமா, சம்பளம் சம்மதம்தானே, கட்டாயம் வருவாய் அல்லவா? ஒரு கடிதத்தில் மூன்று கேள்வி. அதற்குத்தான் இந்த ஒற்றை வரி.

விரிப்பு மடிக்கும்போது, இஸ்திரி போடும் ஐந்தாம் சித்தியிடம் அதைப் படித்துக் காட்டினாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பேர். சொந்தப் பேர் அவளுக்கே நினைவிருக்குமோ என்னவோ. இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறினார்கள்.

"யோசிக்கிறாளாம். வேற எங்கயோ கூடக் கேட்டிருக்கா," என்றாள் லுவா.

"யோசிக்கிறாளோ, உன்னச் சந்தேகப்படுறாளோ. மொட்டையா எழுதினா யாருக்குடி தெரியும்?"

சித்தி விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் லுவா 'யோசிக்க' என்று படித்த அந்த வியட்நாமியச் சொல் அப்படிப்பட்டது. தலையில் அலை போட்டால் யோசிப்பது. கொக்கி போட்டால் ஓய்வெடுப்பது. ஒன்றும் போடாவிட்டால் சந்தேகப்படுவது. வடக்கத்தியார் பேசும்போது வித்தியாசம் தெரியும். இந்தக் கடலோரத்து வாயில் அலையும் கொக்கியும் ஒரே சத்தம்தான்.

"ஓய்வுன்னே வச்சுக்க," என்றாள் லுவா. "வேலையில சேர்றதுக்கு முன்னாடியே லீவு கேட்டா அதுக்கென்ன அர்த்தம்?"

மேசைக்கு வந்து துங்குக்கு எழுதினாள். வேலை உனக்குத்தான், திங்கள் காலை வர முடியுமா? ஒரே விஷயம், ஒரே கேள்வி. வகுப்பு அம்மா பார்த்தால் மெச்சியிருப்பாள். அனுப்பப் போன விரல் நின்றது. தலையணை உறைக்குக்கூடக் கொக்கி விடாமல் எழுதின பெண். தன் சொந்தக் கடிதத்தை ஏன் மொட்டையாக விட்டாள்? லுவாவுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாளா? இதுதான் காலையிலிருந்து லுவாவை உறுத்திக்கொண்டிருந்தது.

சித்தி இஸ்திரி மேசையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"கூப்பிட்டுத்தான் கேளேன். கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

கூப்பிட்டாள். மணி ரொம்ப நேரம் அடித்தது. தியெப் எடுத்தபோது குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

லுவா அந்தச் சொல்லையே போட்டு, முடிந்ததா என்று கேட்டாள். தியெப் இன்னும் முடியவில்லை என்றாள். எத்தனை நாள் ஆகும்? சரியாகத் தெரியாது, அவர்கள் சொல்ல வேண்டும். யார் அவர்கள், வேறு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்களா என்று லுவா கொஞ்சம் சூடாகவே கேட்டாள்.

"வேற இடமா?" என்றாள் தியெப். "எந்திரிச்சு நடக்கவே கூடாதுங்கறாங்க அக்கா."

லுவா மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, நீ எழுதினது கொக்கியா, அலையா?"

"கொக்கிக்கா. ஓய்வுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில வலது கையில ஊசி ஏத்தியிருந்தாங்க. இடது கையால அடிச்சேன். குறி போட வரல. நான்தான் அன்னைக்கே வரேன்னு சொல்லிட்டேனே. இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றாள்.

துங்குக்கு எழுதிய கடிதம் திரையில் அப்படியே இருந்தது. லுவா அதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். அவனுக்கும் இன்றைக்கே, இடம் நிரம்பிவிட்டது என்று மரியாதையாக எழுத வேண்டும். காக்க வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை விஷயத்தைத் தியெப்பே தொடங்கினாள். ஓட்டல்காரர்களுக்கு இப்போதே, கடிதம் கிடைத்தது, பத்தாம் தேதி முழுப் பதில் தருகிறோம் என்று எழுதிவிடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள் என்றாள். கேள்விகளைப் படித்துக் காட்டினால் படுத்தபடியே பதில் சொல்கிறேன் என்றாள். பேசப் பேச அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். உன் இடம் உனக்குத்தான்," என்றாள் லுவா. "ஒண்ணாம் தேதி முடியலன்னா முடியறப்ப வா. உடம்புக்கு என்னம்மா?"

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போவது கேட்டது. இஸ்திரி மேசையில் சித்தியும் ஆவியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்கல்ல, அக்கா. நான் இல்லன்னு சொன்னேன்."

"ஆமா."

"அப்ப மூணு மாசம். இப்ப இல்ல."