தச்சருக்கு மட்டும் இறங்கும் தளம்

பிப்ரவரி 11. இந்த வேலைக் குறிப்பேட்டில் நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை. கான்கிரீட் தளம் இறங்குவது அரை அங்குலம் அல்ல, ஒரு அங்குலம். அதுவும் தச்சர் காலடியில் மட்டும். மற்ற யார் நின்றாலும் அது கல்தான்.

புருஷன் வீட்டை விட்டுத் தையல் மெஷினோடு வந்துவிட்ட தங்கைக்காக, தச்சர் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மர அறை கட்ட முடிவு செய்தார். மண்ணை இடித்து இறுக்கி, ஜல்லி பரப்பி, சுற்றிலும் பலகை அடைத்தார். டேப்பின் முனையைத் தங்கையிடம் கொடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளந்தார்; இரண்டும் ஒன்றானால் தளம் கோணல் இல்லை. டேப்பின் கொக்கி தேய்ந்திருந்ததால் ஒன்றாம் அங்குலத்தில் பிடிக்கச் சொல்லி, வந்த அளவில் ஒன்றைக் கழிப்பது அவர் வழக்கம். முதல் தடவை கழித்தார். இரண்டாம் தடவை மறந்தார். இரண்டு அளவும் ஒன்றாக வந்ததில் திருப்தியாகி, கான்கிரீட்டை ஊற்றி, சுவர்ச் சட்டங்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஈரத்திலேயே நட்டுவிட்டார். காய்ந்த பிறகுதான் தளம் கோணல் என்று தெரிந்தது. தன் மறதி அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆனாலும், "இவ டேப்பை ஒழுங்கா பிடிக்கல" என்றார்.

"வாழ்க்கையவே பிடிச்சு நிக்கத் தெரியல, டேப்பையா பிடிக்கப் போறா" என்றாள் அவர் மனைவி. தச்சர் டேப்பைச் சுருட்டி வைத்தார்.

மறுநாளிலிருந்து தளம் அவருக்கு இறங்கியது. அவர் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கவே இல்லை. பருத்த மளிகைக்கடைக்காரர் வந்து குதித்துப் பார்த்தார், அசையவில்லை. "அரிசி மூட்டையை விடப் பெரிய மூட்டை எதையோ சுமக்கிறீரு" என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்று வருடம் சுவர் எழவில்லை. தங்கை வீட்டு நடையில் மெஷினை ஒட்டிப் படுத்தாள். மற்றவர்கள் எழுமுன் பாயைச் சுருட்டினாள்.

இன்று மதியம் மனைவி இருக்கும்போதே தச்சர் தங்கையிடம் சொன்னார்: "நீ சரியாத்தான் பிடிச்சே. கழிக்க மறந்தது நான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்ணே. ரெண்டு தடவையும் ஒண்ணுலதானே பிடிச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு எங்க போய்ப் படுக்கிறது?"

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தச்சர் போய்த் தளத்தின் மேல் நின்றார். வழக்கம்போல ஒரு அங்குலம் இறங்கியது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

"நீ வெளியே நின்னே வேலை செய்யுண்ணே," என்றாள் தங்கை. "உள்ள நான் நின்னுக்கிறேன்."

நாளை: கோணலுக்குத் தக்கபடி அடிச்சட்டங்களில் போல்ட் துளைகளைத் தள்ளிப் போட வேண்டும். வாசல் பக்கச் சட்டம் முதலில்.