பார்க்காமல் சொன்ன சொல்

...வரலைங்க, ஒரு குருவியும் வரல என்று சொல்லி முடித்த பிறகுதான் மீனம்மா ஆற்றோரச் சேற்றைச் சரியாகப் பார்த்தாள். சொல்லும்போது அவள் கண் மேலே மலையில் இருந்தது, லய வீட்டுக்குப் பின்னால் காயப்போட்ட துணியை மழை வருவதற்குள் எடுக்க வேண்டுமே, அடுப்பில் ஈர விறகைச் செருகிவிட்டு வந்தோமே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை, அதையும் இந்தச் சேற்றில் தொலைக்கவா... அவள் தோளில் கைவைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தார் அவள் புருசன் கந்தப்பன். சித்திரையிலிருந்து அவருக்கு இரண்டு கண்ணிலும் புகைதான், பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். "சரி புள்ள, இந்த வருசம் வரல போல. அணை கட்டுறது அதுங்களுக்கும் தெரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். காசல்ரீயில் அணை முடிந்தால் இந்தச் சேறு, நாணல், கரை எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும் என்றுதான் தோட்டம் முழுக்கப் பேச்சு. அப்போது பார்த்து சேறு நகர்ந்தது. சேறு எப்படி நகரும்... கல் என்று நினைத்தது ஒன்று கழுத்தை நீட்டியது, அதன் பக்கத்தில் இன்னொன்று, நாணலடியில் இன்னும் இன்னும், பழுப்பு முதுகில் வெள்ளைப் பொடி தூவினாற்போல, மூக்கைச் சேற்றில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டு... கண்ணெதிரேதானே நின்றன, எப்படித் தெரியாமல் போயிற்று?

கல்யாணமான புதிதிலிருந்தே ஆவணி பிறந்தால் போதும், ஞாயிறு விடிந்ததும் ஆள் ஆற்றுக்கு இறங்கிவிடுவார், நீயும் வாயேன் மீனம்மா என்பார். கசிப்பு குடிக்கத்தான் போகிறார் என்று முதலில் நினைத்தாள், பிறகு எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தாள், அடுத்த காம்பராவில் குடியிருந்த சின்னராசாவைப் பின்னாலேயே அனுப்பினாள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னான், "ஒம் புருசன் சேத்துல குந்திக்கிட்டு உள்ளான் குருவி பாக்குறாரு!" குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்னொருத்தி இருந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது, அன்று சோற்றைப் போட்டுவிட்டு, "குருவி பாக்குற தொரைக்கு வெஞ்சனம் போதுமா?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்தார். அதற்குப் பிறகும் சில ஆவணிகள் கூப்பிட்டார்... எந்த வருடம் கூப்பிடுவதை நிறுத்தினார்? அதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. இன்று காலையில்தான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கீழ கூட்டிக்கிட்டுப் போறியா, அணைக்கு முன்னால ஒரு தடவ" என்றார், கேட்பதற்கே பயந்தவர் மாதிரி. அதற்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எழுந்தாள், நல்லவேளை, அவருக்குத் தெரிந்திருக்காது... தெரிந்திருக்காதா?

"ஏங்க, நில்லுங்க. வந்திருக்கு. நெறைய வந்திருக்குங்க."

கந்தப்பன் நின்றார், அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார், அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. "எனக்காகச் சொல்ற. பரவால்ல புள்ள, சொன்னியே, அதுவே போதும்" என்றார். ஐயோ, மெய்யாத்தான் சொல்றேன் என்று வாய்வரைக்கும் வந்தது, வந்து அங்கேயே நின்றது. இத்தனை வருடத்தில் அவருக்காக ஒரு நல்ல பொய் சொல்லியிருப்பேனா நான், இப்போது மெய்யைச் சொன்னால் அதைப் பொய்யென்று எடுத்துக்கொண்டு இந்த மனுசன் இப்படிச் சந்தோசப்படுகிறாரே... ஒரு கல்லை எறிந்தால் போதும், கத்திக்கொண்டு கிளம்பும், காதாலாவது கேட்டு நம்புவார். குனிந்து கல்லை எடுத்தும்விட்டாள். ஆனால் எங்கேயோ பனி விழுகிற நாட்டிலிருந்து கடல் தாண்டி வருகிறதுகள் என்று அவர் ஒருநாள் சொன்னாரே, அவள் அரிசி புடைத்துக்கொண்டே பாதிதான் கேட்டாள்... கல்லைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்தாள், மழைக்குக் கொண்டுவந்த சாக்கை விரித்து அவரை உட்காரவைத்தாள், தானும் உட்கார்ந்தாள். துணி நனைந்தால் நனையட்டும்.

"சொல்லு, என்ன செய்யுது?" என்று கேட்டார், கதை கேட்கிற குழந்தை மாதிரி. அவள் சொன்னாள். ஒன்று ஒற்றைக் காலில் தூங்குகிறது, ஒன்று புழுவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஒன்று எட்டு வைக்கும்போதெல்லாம் பின்பக்கத்தை ஆட்டுகிறது. "கங்காணி பொண்டாட்டி காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்க வர்ற மாதிரி இருக்குங்க" என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார், பறவைகள் ஒரு கணம் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குத்தத் தொடங்கின. சிரிப்பு அடங்கியதும் சும்மா கேட்பதுபோல், "காலு என்ன நெறம்?" என்றார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மஞ்சளா இருக்குங்க. பச்ச கலந்த மஞ்சள்."

அவருடைய சிரித்த முகம் அப்படியே மெல்ல அமைதியாகி ஆற்றுப்பக்கம் திரும்பியது, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. இந்த நிறத்தை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லையே, இட்டுக்கட்டி யாரும் இதைச் சொல்ல முடியாதே... அப்படியானால் இப்போது நம்பிவிட்டாரா? நம்பியிருந்தால், முதலில் வரலைன்னு சொன்னேனே, அது பார்க்காமலே சொன்னது என்பதும் தெரிந்திருக்குமே. இன்றைக்கு மட்டும்தானா, எத்தனை வருடமாக அப்படி என்றும் யோசித்துக்கொண்டிருப்பாரோ... நம்பாமல் இருந்தாலோ, இத்தனையும் கண்முன்னால் இருக்க வெறும் கதையோடு மேலே ஏறுவார். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது?

"இன்னும் நிக்குதா, மீனம்மா?"

பழைய கந்தப்பனின் குரல்தான், அதில் ஒன்றும் பிடிபடவில்லை. இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை, சேற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நிக்குதுங்க."