கூட ஒரே ஒரு ஆள்

பிரசவ வார்டைச் சுற்றிப் பார்க்க வந்த பெண்களில் வயிறு இல்லாதவள் அவள் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தார்கள். அவரவர் புருஷன்மார் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் வந்தார்கள். இவள் மட்டும் விறுவிறுவென்று நடந்துபோய், ஒவ்வொரு வாசலிலும் மற்றவர்களுக்காக நிற்க வேண்டியிருந்தது.

"நீங்க யாரும்மா?" என்று தலைமை நர்ஸ் கேட்டாள்.

"இவளோட அக்கா" என்று பக்கத்தில் நின்ற தங்கையைக் காட்டினாள்.

அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். தங்கையின் வயிற்றில் இருந்த குழந்தை இவளுடையது. கட்டி என்று சொல்லி இவளுடைய கர்ப்பப்பையை எடுத்தபோது, இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் கிடந்தாள். அப்போது தங்கைதான், "என்கிட்ட ஒண்ணு சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கோயேன்" என்றாள், ஏதோ வீட்டில் கூடுதலாக இருக்கும் குடையைக் கொடுப்பது போல. டாக்டர்கள் இவளிடமிருந்தும் இவள் வீட்டுக்காரரிடமிருந்தும் எடுத்ததைச் சேர்த்து, கருவாக வளர்த்துத் தங்கையின் வயிற்றில் வைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. இவர்களை வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

பெரியவளுக்கு இப்போது ஒரே ஒரு ஆசை. குழந்தை வெளியே வரும்போது தான் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். அவள் சுமக்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, கால் வீங்கவில்லை. வந்த நிமிடத்தில் பார்த்தோம் என்றாவது இருக்க வேண்டாமா? இதைச் சின்னவளிடம் கேட்பதற்குக் கண்ணாடி முன்னால் நின்று பல வாரம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. கண்ணாடியிடம் சரளமாக வந்தது சின்னவளைப் பார்த்ததும் வேறு பேச்சாக மாறிப்போனது. தன் உடம்பையே தூக்கிக் கொடுத்தவளிடம், இன்னும் ஒன்று வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

இத்தனைக்கும் பெரியவள் வாயில்லாப் பூச்சி இல்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் ஒரு அதட்டல் போட்டால் மீசை வைத்த ஆண்பிள்ளைகளே கியரை மறந்துவிடுவார்கள். அந்த வண்டியில் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தாலும் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் அதட்டல் எல்லாம். இந்தக் கர்ப்ப காலம் முழுக்கவும் அவள் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். காலடியில்தான் ஒன்றுமில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. "கேட்டியா?" என்று அவள் வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். மனிதருக்கு அவளுடைய ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து வாசனையே ஆகாமல் போய்விட்டது. கீழே காருக்குள் உட்கார்ந்துகொண்டு அவளைக் கேட்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். "நீங்க வந்து கேளுங்களேன்" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

தலைமை நர்ஸ் குள்ளமான, சுறுசுறுப்பான பெண். நாற்பது தடவை சொன்னதையும் இப்போதுதான் தோன்றியது போலச் சொல்லத் தெரிந்தவள். "வலி வந்தா இந்த வாசலுக்கு வாங்க. முன்வாசலுக்குப் போய் டோக்கன் வாங்கிட்டு உக்காந்துடாதீங்க. போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் சம்சாரத்தைக் கண் டாக்டர் வரிசையில உக்கார வெச்சிருந்தார்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள்தான் உரக்கச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "சித்தியை உதைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? இரு, உங்கம்மா இங்கதான் நிக்குறா, சொல்லிடுறேன்" என்றாள்.

மற்ற இரண்டு பெண்களும் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவள் நடைபாதையில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

சின்னவளின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் எங்காவது நெடுஞ்சாலையில் இருப்பார். இந்த மாதம் முழுக்க லீவு போட்டிருந்தார். அவர் ஏன் அப்படி அடம்பிடித்து லீவு வாங்கினார் என்று பெரியவள் யோசித்ததில்லை. நல்ல மனிதர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

முதலில் பரிசோதனை அறை. அங்கே ஒரு கட்டிலும் திரையும், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மிஷினும் இருந்தன. கேட்டுவிடலாம் என்று பெரியவள் தங்கையின் முழங்கையைத் தொட்டாள். "என்னக்கா?" என்றாள் சின்னவள். "ஒண்ணுமில்லை, தண்ணி குடிக்கிறியா?" அடுத்தது வெந்நீர் ஷவர் வைத்த குளியலறை. அங்கேயும் வாயைத் திறந்தாள். "கீழே ஈரமா இருக்கு, பாத்து வா." இப்படியே போனால் ஆஸ்பத்திரி முழுக்கத் தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தே தீர்த்திருப்பாள்.

கடைசியில் நர்ஸைத் தனியாகப் பிடித்தாள். மற்றவர்கள் தொட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "சிஸ்டர், உள்ள ரெண்டு பேரை விடுவீங்களா? அவ புருஷன், அப்புறம் நான். அந்தக் குழந்தை... என்னோடது." முழுக் கதையையும் மூன்று வரியில் முடித்தாள்.

நர்ஸ் அவள் தட்டையான வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். இதுவரை இருந்த வேடிக்கைக் குரல் போய்விட்டது.

"கூட ஒரே ஒரு ஆள்தாம்மா. ரூமைப் பாத்தா உங்களுக்கே புரியும், திரும்ப இடமிருக்காது. யார் அந்த ஆள்னு டாக்டரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. வலி யாருக்கோ அவங்க சொல்றதுதான். நீங்க அவங்களைக் கேளுங்க."

"கேக்கணும்" என்றாள் பெரியவள்.

அந்த அறை உண்மையிலேயே சின்னதுதான். நடுவில் கட்டில், தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய், ஓரத்தில் குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்ளும் மேஜை. எல்லாம் துடைத்துச் சுத்தமாக, யாருக்காகவோ காத்திருந்தன. முதல் பிரசவத்துக்கு வந்த ஜோடியில் புருஷன்காரன், "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு? போன் சார்ஜ் போடணுமே" என்று கேட்டு மனைவியிடம் ஒரு முறைப்பு வாங்கினான்.

"பொறந்த உடனே துடைச்சு, அம்மா நெஞ்சு மேல போட்டுடுவோம்" என்றாள் நர்ஸ் வழக்கமான வேகத்தில். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கண் பெரியவள் பக்கம் வந்துபோனது. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பெரியவள் கவனித்தாள். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள், சின்னவள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. ஒரு கை கதவு நிலையில். இன்னொரு கை புருஷனின் சட்டையைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவளுடைய சிரிப்பெல்லாம் எங்கே போனதோ, முகம் வெளுத்துக் கிடந்தது.

"உங்களுக்கு இது ரெண்டாவதுதானே? முதல் வாட்டி எப்படி இருந்துச்சு?" என்று நர்ஸ் அவளிடம் போனாள்.

"சுலபமாத்தான் ஆச்சு அவளுக்கு" என்று பெரியவள் முந்திக்கொண்டாள். சின்னவள் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். தும்மல் போட்டேன், குழந்தை வந்துருச்சு என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

சின்னவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "இல்லை சிஸ்டர். நான் தனியா இருந்தேன். இவர் லோடோட மலைப் பாதையில மாட்டிக்கிட்டார். ரத்தம் நிக்கலை. எல்லாரும் ஓடுறாங்க, கத்துறாங்க, யாருமே என்கிட்ட எதுவும் சொல்லலை. சாகப் போறோம்னு நினைச்சேன். இப்பவும் கனவுல கட்டிலுக்கு மேல எரிஞ்ச அந்த லைட்டுதான் வருது."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி" என்றாள் பெரியவள்.

"சொன்னா நீ சம்மதிச்சிருப்பியா?"

இத்தனை பயத்தை உள்ளே வைத்துக்கொண்டா இவள் குடையைக் கொடுப்பது போலக் கொடுத்தாள்? பெரியவளுக்கு இப்போது அழுவதா, கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. எதைச் செய்தாலும் அந்தப் பிரசவம் நடந்தே தீரும். அதைத் தங்கைதான் தாங்க வேண்டும். பணம் கொடுத்தோ பழியாகக் கிடந்தோ அதில் ஒரு துளியைக்கூடத் தன் பக்கம் வாங்கிக்கொள்ள முடியாது.

நர்ஸ் ஆணியில் தொங்கிய பச்சை அங்கியை எடுத்தாள். "உள்ள வர்ற அந்த ஒரு ஆள் இதைப் போட்டுக்கணும். ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க, அன்னிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது." சொல்லிவிட்டு அதைப் பொதுவாக நீட்டினாள். யாரிடம் என்று இல்லாமல், இரண்டு பேருக்கும் நடுவில்.

லாரிக்காரர் கையை நீட்டவில்லை. அந்த இடம் யாருடையது என்று அவருக்கும் தெரியும். பெரியவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். சின்னவள் இன்னும் அவர் சட்டையை விடவில்லை.

பெரியவள்தான் அங்கியை வாங்கினாள். வாங்கி உதறி, "கையை நீட்டுங்க தம்பி" என்று லாரிக்காரருக்கு மாட்டிவிட்டாள். அவர் அகலத்துக்கு அது போதவில்லை. முதுகுப் பக்கம் போய் நின்று நாடாக்களை இழுத்து முடிந்தாள். முடிந்து நிமிர்ந்தபோது சின்னவளின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்திருந்தது. "இல்லக்கா, நீ வா" என்று அவள் ஒரு பேச்சுக்காவது சொல்லுவாள் என்று பெரியவள் நினைத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. பெருமூச்சுதான் விட்டாள். அந்தப் பெருமூச்சு பெரியவளைக் குத்தியது. குத்தியதற்காகத் தன்னையே அவள் திட்டிக்கொண்டாள்.

"வெளிய இருக்கிறவங்க எங்க இருக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கதவுக்கு வெளியே, நடைபாதையில் சுவரோடு சேர்த்துப் பொருத்திய நாற்காலிகள் இருந்தன. பெரியவள் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். "உள்ள குழந்தை அழுதா இங்க கேக்குமா?"

"கனமான கதவும்மா" என்றாள் நர்ஸ். "சில பேர் கேட்டுச்சுன்னு சொல்லுவாங்க. சில பேர் கேக்கலைம்பாங்க."

லாரிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எதையாவது செய்து இந்த அண்ணியின் முகத்தைச் சரிசெய்துவிட வேண்டும் அவருக்கு. "இருங்க அண்ணி, இப்பவே பாத்துடலாம். நான் உள்ள போய்க் குழந்தை மாதிரி கத்துறேன். கேக்குதான்னு சொல்லுங்க." யாரும் தடுப்பதற்குள் பச்சை அங்கியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவள் கதவைப் பார்த்துக் காதைக் கொடுத்தாள். ஏசி இரைந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வேறொன்றும் இல்லை. இன்னும் கூர்ந்து கேட்டாள், மூச்சைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. சின்னவள் கதவைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுச்சு என்று அக்கா சொல்லிவிட வேண்டுமே என்று அவள் தவித்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. லாரிக்காரர் முகம் சிவந்து வெளியே வந்தார். அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவள், "கேட்டுச்சு தம்பி! நல்லா, தெளிவாக் கேட்டுச்சு. பக்கத்துல நின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் கத்தவே இல்லையே அண்ணி. வாயைத் தொறந்தேன், பக்கத்து ரூம்ல யாரோ ஒரு அம்மா வலியில முனகுறாங்க. வெக்கமாப் போச்சு. சும்மா நின்னுட்டு வந்துட்டேன்."

பிளக் பாயிண்ட் கேட்டவன் தன் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். நர்ஸ், "வாங்க, வார்டைப் பாத்துடலாம்" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். லாரிக்காரர் அங்கியின் நாடா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

சின்னவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உனக்குத்தான் அந்த இடம்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா இவர் இல்லாம என்னால உள்ள போக முடியாது. நானும் சொல்லிடலாம்னு பாக்குறேன், வாய் வரலை."

"சொல்ல வேணாம்."

"பொறந்த உடனே இவரை ஓடி வந்து உன்கிட்ட சொல்லச் சொல்றேன். மொதல்ல உனக்குத்தான்."

பெரியவள் சட்டென்று திரும்பினாள். டிரைவிங் ஸ்கூல் குரல் வந்துவிட்டது. "ஓடவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் கையை விட்டுட்டு அவர் ஒரு அடி நகரக்கூடாது. ரத்தம் நின்னு, உன்னைத் துடைச்சுப் படுக்க வெச்சு, நீ பேசுற வரைக்கும் அங்கேயே நிக்கணும். கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சு அண்ணி" என்றார் லாரிக்காரர்.

"அப்போ உன்கிட்ட யாருக்கா சொல்லுவா?" என்றாள் சின்னவள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"யாராவது எப்பவாவது வந்து சொல்லுவாங்க" என்றாள் பெரியவள். "அது வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. அதுக்கு என்னடி பண்றது?"