காற்றெடுக்காத பிரேக்

மருமகளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவள் கை பட்டவை. அந்தக் கை சும்மா இருக்காது என்று மாமியார் சொல்வதுண்டு. அது பாராட்டா குறையா என்பது அன்றைய சமையலைப் பொறுத்தது.

வீட்டிலிருந்த மோட்டார் சைக்கிள் ரொம்பப் பழசு. என்ஜின் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. முன்பிரேக்தான் கொஞ்ச நாளாகக் காலை வாரியது. லிவரை அழுத்தினால் ஈரப் பஞ்சை அழுத்துவதுபோல் அமுங்கியது. ஒருநாள் மருமகள் தரையில் உட்கார்ந்து, கொழுந்தனை லிவரை அழுத்தச் சொல்லிப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் தவளைத் தொண்டைபோல் உப்பி அடங்கியது. மேல் தோலெல்லாம் வெடிப்பு. மழையில் ஒருதரம் அவசரமாக அடித்தால் போச்சு என்று அவளுக்குப் புரிந்தது. எஃகுக் கம்பி பின்னிய புது ஹோஸ்களை வரவழைத்தாள்.

தன் விடுமுறை நாள் காலையில் வேலையைத் தொடங்கினாள். பழைய எண்ணெயை வடித்தாள், ரப்பரைக் கழற்றினாள், புது ஹோஸ்களைப் புது செம்பு வாஷர் போட்டு முறுக்கினாள். ஹாண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டாள். ஹாண்டில் பூட்டைத் திறப்பதற்காகப் போட்ட சாவி வண்டியிலேயே இருந்தது. இனி புது எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதுவரை அந்த லிவர் வெறும் அலங்காரம்.

வீட்டிலிருந்த எண்ணெய் டப்பா எப்போதோ திறந்தது. ஈரம் இழுத்திருக்கும், பிரேக்குக்கு ஆகாது. புது டப்பா வாங்க, வீடு இருந்த மேட்டிலிருந்து கீழே போகும் படிக்கட்டு வழியாக இறங்கினாள். போகுமுன் லிவரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்து மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வரவேண்டிய வண்டி வராமல் போனது. கொழுந்தன் பொறுமைக்குப் பேர்போனவன் அல்ல. வீட்டில் அவனுக்குப் பெயரே ‘அவசரம்’. மோட்டார் சைக்கிளில் சாவியைப் பார்த்தான். பளபளவென்றிருந்த புது ஹோஸைப் பார்த்தான். அண்ணி வேலையை முடித்துவிட்டாள் என்று நினைத்தான். சிவப்புத் துணியை அவிழ்த்து, சீட்டைத் துடைத்து, அம்மாவை ஏற்றிக்கொண்டான்.

மருமகள் டப்பாவோடு படிக்கட்டில் பாதி ஏறியிருந்தபோது அந்த என்ஜின் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியாத சத்தமா அது. தலையைத் தூக்கினாள். மேலே, சாலை வளையும் இடத்தில், கொழுந்தன் ஹெல்மெட்டோடு கடந்து போனான். பின்னால் மாமியார், பையை மடியில் அணைத்தபடி. கூப்பிட்டாள், காற்றுக்குத்தான் கேட்டது. கொழுந்தனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

மேட்டுச் சாலை சுற்றிச் சுற்றி இறங்கி, லாரிகள் ஓயாத பெரிய சாலையில் போய் முட்டும். படிக்கட்டு நேராக அதே இடத்துக்குப் போகும். டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்சக்கர பிரேக்கும் தேய்ந்து கிடப்பது அவளுக்குத் தெரியும். அதை அடுத்த வாரம் பார்ப்பதாக இருந்தாள்.

முதல் வளைவிலேயே கொழுந்தனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. லிவர் ஹாண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது. கால் பிரேக்கை மிதித்தான். பிடிப்பதுபோல் பிடித்துவிட்டு வழுக்கியது. பதற்றத்தில் கிளட்ச்சையும் சேர்த்து அழுத்த, வேகத்தைப் பிடித்துவைத்த என்ஜினின் இழுப்பும் போய் வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. பின்னாலிருந்து அம்மா முதுகில் தட்டினாள்.

“மெதுவா போடா. என் கண்ணுக்குத்தான் வைத்தியம், எலும்புக்கு இல்ல.”

“சரிம்மா. என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ” என்றான்.

பெரிய சாலைக்குச் சற்று முன்னால் தண்ணீர்த் தொட்டி வளாகம். அதன் கேட்டைத் தாண்டினால் பாதை செங்குத்தாக மேலே ஏறும். மருமகள் படிக்கட்டில் இறங்கும்போதே அதைத்தான் மனதில் வைத்திருந்தாள். வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கச் சொன்னாள். யார் அனுப்பினார்கள், அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று அவர் ஆரம்பித்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். தாழ்ப்பாளைத் தானே இழுத்தாள். துரு பிடித்திருந்தது. உள்ளங்கை கிழிந்த பிறகுதான் அது நகர்ந்தது. அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்ட வாட்ச்மேன், பேப்பரை எறிந்துவிட்டு மறு கதவைத் தள்ளினார்.

வண்டி கடைசி வளைவில் தெரிந்தது. மருமகள் நடுச்சாலைக்குப் போய்க் கையை ஆட்டி, கேட்டைக் காட்டினாள்.

“உள்ள ஏத்து தம்பி, உள்ள ஏத்து!”

அவளை இடிக்காமல் ஒரு முழம் தள்ளி வண்டி திரும்பியது. சரளைக் கல் தெறித்தது. ஏற்றத்தில் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. நின்ற வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அவன் இன்னும் கிளட்ச்சை விடவில்லை. மருமகளும் வாட்ச்மேனும் பின்னால் தோள் கொடுத்தார்கள். வாட்ச்மேன் காலாலேயே ஒரு செங்கல்லைத் தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். அவள் முன்னால் போய், அவன் விரல்களைக் கிளட்ச்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவை அவன் சொல் கேட்கவில்லை.

“ஏன் இங்க நிப்பாட்டிட்ட? டாக்டர் கிளம்பிருவாரு” என்றாள் மாமியார்.

பிரேக்கே இல்லை என்று மருமகள் சொன்னாள். மாமியார் இறங்கி, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி?”

“சிவப்புத் துணி கட்டியிருந்தேனே.”

“அதை வச்சுத்தான் சீட்டைத் துடைச்சேன்.”

மாமியார் மருமகளின் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“லிஃப்ட்டைப் பிரிச்சுப் போட்டா, அங்கயும் துணிதான் கட்டுவியா?”

“இல்ல அத்தை. பூட்டிட்டு சாவியை என் பையில போட்டுக்குவேன்.”

“அப்ப அங்க ஏறுறவங்க உசுரு வெல்லம். எங்க உசுரு வெல்லம் சுத்தின காகிதமா?”

தன் வீட்டு வாசல் என்கிற மெத்தனம்தான் என்று மருமகள் ஒத்துக்கொண்டாள். கேட்காமல் எடுத்தது தன் தப்பு என்று கொழுந்தன் முனகினான். உன் தப்பு பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்தாள். தனியாகவே பஸ் ஏறிப் போனாள். கூட வருகிறேன் என்றவர்களை ஒரு பார்வையால் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் வண்டியை மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டில் கிடந்த டப்பாவைக் கொழுந்தன் போய்ப் பொறுக்கிவந்தான். நசுங்கியிருந்தது, ஆனால் சீல் உடையவில்லை. வீட்டில் அவள் எண்ணெய் ஊற்றினாள். அவன் லிவரை அழுத்திப் பிடிக்க, அவள் கீழே காற்றைப் போக்கும் திருகாணியைத் திறந்து மூடினாள். ஒவ்வொரு தடவையும் குழாயில் குமிழிகள் வந்தன. குமிழிகள் நின்றபோது லிவர் கல்லாக இறுகியிருந்தது. பின்பிரேக்கையும் அன்றே பிரித்து, புதுக் கட்டை போட்டுத்தான் எழுந்தாள்.

சாயங்காலம் அவளே முதலில் ஓட்டிப் பார்த்தாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். அப்போது அவள் கணவன் வேலை முடிந்து, டாக்டரிடமிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்து வந்தான். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மாமியாருக்கு எல்லாம் மங்கல்.

“யாரு வண்டியில?”

“நான்தான் அத்தை.” பக்கத்தில் வந்து பிரேக்கை அழுத்தினாள். வண்டி இருந்த இடத்தில் நின்றது.

“பிடிக்குதா?”

“நல்லா பிடிக்குது. ஏறுங்க, வீட்டுல விடுறேன்.”

“பிடிக்கட்டும், பிடிக்கட்டும்” என்றபடி மாமியார் மகன் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். மருமகள் என்ஜினை அணைத்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.