நூற்றுப்பத்து வேகம்

தங்கச்சி நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"என்னடி நடை இது?"

"கத்தாத. பஸ்ஸுக்கு ஓடும்போது கால் மடங்கிடுச்சு."

"அதை இப்ப வந்து சொல்ற?"

"எப்ப சொன்னா மட்டும் நீ டாக்டராகியிருப்ப?"

சாக்ஸைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். வலது கணுக்கால் வீங்கி, எலும்பு இருக்கும் இடமே தெரியவில்லை. தேர்வு அறைக்கு வெளியே நடைபாதையில் எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டென்று சாக்ஸை ஏற்றிக்கொண்டாள்.

ஆள் எடுத்துக்கொண்டிருந்த நடனக் குழுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. கிடைத்தால் சம்பளம், வருடம் பூராவும் ஊர் ஊராக மேடை. கிடைக்காவிட்டால் மாமாவின் துணிக்கடையில் பில் போட வேண்டும். அம்மா அதற்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். ஆட வருகிறவர்கள் தங்கள் இசையையும் அதை இயக்க ஓர் ஆளையும் கூட்டி வர வேண்டும் என்பது குழுவின் விதி. நடத்துகிற அம்மாள் நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்வாராம், நினைத்த இடத்திலிருந்து தொடங்கச் சொல்வாராம். குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் வந்தது அதற்குத்தான்.

"கடைசிப் பகுதியை மெதுவாக்கு," என்றாள். "இந்தக் கால் அந்த வேகத்துக்கு வராது."

"எவ்வளவு மெதுவா?"

"நிமிஷத்துக்கு நூத்திமுப்பது அடில இருக்கில்ல? நூத்திப்பத்துக்குக் கொண்டுவா."

"பட்டனைத் திருப்பினா ஆயிடும்னு நினைச்சியா?"

"உன் கம்ப்யூட்டர்தானே? நீதான் அதைக் கொஞ்சுறவன். கேளு, தரும்."

என் லேப்டாப் மின்கட்டணம் கட்டவும் மெயில் பார்க்கவும் செய்யப்பட்டது. பேட்டரி நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று கால்வயிற்றுக்கு மட்டும் தீனி வாங்கும் பிராசசர். இசை மென்பொருளில் நாலு வாத்தியத்தை ஒன்றாக ஓடவிட்டாலே அதற்கு மூச்சு வாங்கும், ஒலி பிசிறடிக்கும். அதனால் ஒவ்வொரு வாத்தியத்தையும் முடித்தவுடன் உறைய வைத்துவிடுவேன். அதாவது அந்த டிராக்கை வெறும் ஒலிப்பதிவாக மாற்றிவிடுவது. பிறகு பிராசசர் அதைக் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டியதில்லை, எடுத்து ஒலிக்கவிட்டால் போதும். அப்படித்தான் இருபத்தோரு டிராக்கை இந்தப் பெட்டிக்குள் அடைத்திருந்தேன். உறைய வைத்ததன் வேகத்தை மாற்ற முடியாது. வலிந்து இழுத்தால் தாளம் சகதியாகிவிடும். மாற்ற வேண்டுமென்றால் உருக்க வேண்டும். உருக்கினால் பாரம் முழுக்கப் பிராசசர் தலையில். புது வேகத்தில் மறுபடி எல்லாவற்றையும் உறைய வைக்க இதற்கு அரை நாள் வேண்டும்.

"எத்தனை பேருக்கு அப்புறம் நீ?"

"ரெண்டு பேர்."

தரையில் உட்கார்ந்து உருக்க ஆரம்பித்தேன். டிரம், பேஸ். திரையின் மூலையில் பிராசசரின் அளவுமானி பாதிக்கு ஏறியது. ஒரு புல்லாங்குழல். முக்கால்.

"போதும்ணா. எனக்கு டிரம் இருந்தா போதும்."

"டிரம்மை மட்டும் வச்சுக்கிட்டு ஆட இதென்ன உடற்பயிற்சி வகுப்பா?"

வயலின்களைக் கைவிட எனக்கு மனமில்லை. ஒரு முழு மழைக்காலம் அந்த வயலின்களோடு போயிருந்தது. குழுவுக்கு இசை சேர்க்கிறவர் உள்ளே ஒலிப்பலகை முன்னால் இருப்பார் என்று தெரியும். அவர் காதில் அந்த வயலின்கள் விழ வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு வேறு சான்றிதழ் கிடையாது. வேகப் பகுதி முழுக்க மியூட் செய்துவைத்து, அவள் கடைசி நிலையில் நிற்கும்போது மட்டும் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு அவற்றையும் உருக்கினேன்.

கதவு திறந்தது. உதவியாளன் தலையை நீட்டி அவள் எண்ணைக் கூப்பிட்டான்.

"ரெண்டு பேர்னு சொன்ன?"

"ஒருத்தி அழுதுட்டே ஓடிட்டா. எந்திரி."

அவள் நொண்டாமல் உள்ளே போனாள். லேப்டாப்பை மூடாமலே தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே மரத்தளம், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நடத்துகிற அம்மாள் மடக்கு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப்பு. ஒலிப்பலகை முன்னால் இருந்த சவுண்ட்காரர் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கேபிளை நீட்டினார்.

"இதை எந்த மியூசியத்துலேருந்து தம்பி கடத்திட்டு வந்தீங்க?"

"ஓடும் சார்."

"ஓடும், ஓடும். எங்க ஓடும்னுதான் பயமா இருக்கு."

தொடங்கினேன். மெதுவான முதல் பகுதி உறைந்த டிராக்குகளில் வழுக்கிக்கொண்டு போனது. தங்கச்சி எடையை இடது காலிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். சவுண்ட்காரர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேகப் பகுதி வந்தது. நூற்றுப்பத்து. டிரம் இறங்கியது, அவள் குதித்து இறங்கினாள், முகம் மாறவில்லை. நான் அளவுமானியைப் பார்த்தேன். சிவப்பு.

அப்படி இருக்கக் கூடாது. வயலின் மியூட்டில் இருக்கிறது.

பிறகுதான் உறைத்தது. மியூட் என்பது வாயைப் பொத்துவது மட்டுமே. உள்ளே அத்தனை வயலினும் கத்திக்கொண்டுதான் இருக்கும், பிராசசர் அத்தனையையும் சுமந்துகொண்டுதான் இருக்கும். சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். தூக்கமில்லாத மண்டையில் நிற்கவில்லை.

ஒலி விக்கியது. டக், டக், டக் என்று ஒரே அடியை மென்றது. பிறகு ஒன்றுமில்லை. தங்கச்சி ஒரு கையை உயர்த்தியபடி அப்படியே நின்றாள், வலது காலில். கண்ணாடியில் அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. நான் வயலின்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். மானி இறங்கியது. டிரம் திரும்ப வந்தது. அடுத்த அடியில் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். டிரம்மும் பேஸும் ஒல்லியான ஒரு குழலுமாக முடிந்தது. கடைசி நிலையில் திறக்க என்னிடம் எதுவும் இல்லை.

அம்மாள் தங்கச்சியைப் பார்த்தார்.

"மியூசிக் சிக்கினது உன் தப்பு இல்ல. அதை வச்சு நான் முடிவு பண்ண முடியாது. வேகமான இடத்துலேருந்து மறுபடி."

"சரி மேடம்," என்றாள் தங்கச்சி.

சரியாமே. அவள் தொடக்க இடத்துக்கு நடந்தாள். மூன்றாவது எட்டில் வலது குதிகால் தரையைத் தொடவில்லை. அடுத்த குதியில் அந்தக் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும், இருந்தும் குதிப்பாள். லேப்டாப் தயாராக இருந்தது, மானி பச்சையில். வயலின் இல்லாமல் நூறு தரம் ஓட்டியிருக்கலாம்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை கறுத்தது.

"போயிடுச்சு மேடம்," என்றேன்.

"என்ன போயிடுச்சு?"

"சூடாகி நின்னுடுச்சு. ஆறினாத்தான் வரும்."

சவுண்ட்காரர் முன்னால் சாய்ந்தார். "பென் டிரைவ்ல ஒரு காப்பி இருக்குமே. குடுங்க, நான் போடறேன்."

அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. நூற்றுமுப்பது வேகத்தில், வயலின்களோடு, முழுசாக. அவர் கையில் கொடுத்தால் வயலின்கள் அவர் காதில் விழும். இவள் கால் போகும்.

"இல்ல சார்."

"காப்பி எடுக்காம வந்தீங்களா?"

"ஆமா சார்."

"கிழிஞ்சுது." அவர் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார். "இவங்களையெல்லாம் நம்பி ஒரு பொண்ணு ஆட வருது பாருங்க மேடம்."

தங்கச்சி கண்ணாடி வழியாக என்னை முறைத்தாள். நான் தரையைப் பார்த்தேன். இப்போது கும்பிடு போட்டுவிட்டு வெளியே போகலாம், பார்த்ததை வைத்து முடிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"சரி," என்றார் அம்மாள். "மியூசிக் இல்லாம ஆடு."

அணைத்ததை மறுபடி எழுப்பவும் முடியாது, சொன்னதை விழுங்கவும் முடியாது.

தங்கச்சி நின்றாள். இரண்டு மூச்சு விட்டாள். பிறகு ஆட ஆரம்பித்தாள். நூற்றுப்பத்துக்கும் கீழே இருந்தது. தொண்ணூறு இருக்குமா, தெரியவில்லை. எண்ணிச் சொல்ல அங்கே எதுவும் ஓடவில்லை. குதிக்க வேண்டிய இடத்தில் வலது காலைத் தரையில் இழுத்து வட்டம் போட்டாள். மரத்தில் பாதம் உரசும் சத்தம் கேட்டது. ஒரு திருப்பத்தை ரொம்ப நேரம் இழுத்து, விழப்போகும் இடத்தில் திரும்பினாள். அவளை விரட்ட யாரும் இல்லை. நான் மாதக்கணக்கில் அடுக்கிய இருபத்தோரு டிராக்கில் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை, ஒன்றுக்கும் அங்கே வேலையும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

முடிந்ததும் அம்மாள் எழுந்து அவளிடம் போனார்.

"சாக்ஸைக் கழட்டு."

அவள் கழற்றினாள். உதவியாளன் "அய்யோ" என்றான்.

"எப்ப?"

"இன்னிக்குக் காலைல மேடம்."

"சொல்லியிருந்தா வேற நாள் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பீங்களா?"

அம்மாள் யோசித்தார். "மாட்டேன்," என்றார். பிறகு, "அடிபட்ட காலை மறைக்கிறவளை முழு இடத்துக்கு எடுக்க மாட்டேன். பாதிப் பயணத்துல என்னைக் கவுத்துடுவ. மாற்று ஆளா வர்றியா? பாதிச் சம்பளம். எல்லா ஆட்டமும் கத்துக்கணும். யாராவது விழுந்தாத்தான் மேடை. ஒருத்தரும் விழாம வருஷம் முடியலாம்."

"அந்த இடம்?"

"வேற ஒருத்திக்கு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"வர்றேன் மேடம்."

"முதல்ல எக்ஸ்ரே."

வெளியே நடைபாதையில் அவள் சுவரைப் பிடித்து நின்றாள். நான் தோளைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள்.

"ஆடியிருப்பேன்டா. மெஷினை அணைக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"கால் தாங்கியிருந்தா முழு இடம்."

"தாங்கியிருந்தா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். படிக்கட்டு வந்தது. கைப்பிடிச் சுவர் உடைந்து கிடந்த பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு என் கழுத்தில் கையைப் போட்டாள். ஒவ்வொரு படியாக இறங்கினோம், அவள் சொன்ன வேகத்தில்.