ஒன்றரை இஞ்ச்

சனிக்கிழமை காலை. பொதட்டூர்பேட்டையின் விசைத்தறித் தெரு ஒன்றில் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் கௌதமன், அக்கா வீட்டு வாசலில், செங்கல்மேல் சாய்த்து வைத்த போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஹாய் மக்களே, இன்னைக்கு நம்ம வண்டிய ஒன்றரை இஞ்ச் எறக்கப் போறோம். வூட்டுலயே!"

உயரம் குறைந்த நான்கு சிவப்பு ஸ்பிரிங்குகள் வாசலில் மினுங்கின. அவற்றை மாட்டினால் கார் பதுங்கிய புலிபோலத் தரையோடு படுத்துத் தெரியும். மறுநாள் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில், காவடிக் கூட்டத்துக்கு நடுவே அதைப் படமெடுத்துப் போட வேண்டும் என்பது அவன் கனவு.

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அது எகிறாமல் அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். அது திருத்தணி மெக்கானிக்கிடம் இருந்தது. அவர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அக்கா கணவர் ஜெயப்பிரகாஷ் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு மச்சான் கருவி? வண்டி தரையில நிக்கும்போது ஸ்பிரிங்கு அமுங்கிக்கினுதானே கீது? அப்பவே கயித்தால கட்டிட்டு, அப்புறம் ஜாக்கி போடு."

"கயிறு தாங்குமா பாவா?"

"நெசவுக்காரன் முடிச்சுடா இது. அவுந்ததே கெடையாது."

உள்ளிருந்து அக்கா சுசித்ரா குரல் கொடுத்தாள். "திங்கக்கெழமைக்குள்ள காரு ஓடியா பூடும்?"

"திங்கக்கெழமை மாட்டுனா எவன்கா பாப்பான்?"

"ஆங், நாளைக்கு முருகரே வள்ளிய வுட்டுட்டு உன் காரத்தான் பாத்துகினு இருப்பாரு!"

மூவரும் சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷ் தறிக்கூடத்து நைலான் கயிற்றால் ஸ்பிரிங் வளையங்களைச் சேர்த்து ஆறு இடங்களில் கட்டினார். அறுந்த இழைகளை இருபது வருடமாக முடிந்து பழகிய விரல்கள் அவை. கௌதமன் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரோடு வெளியே எடுத்தான். ஜெயப்பிரகாஷ் அதை வலது கையால் பிடித்துக்கொள்ள, கௌதமன் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருந்த மேல் நட்டைத் திருகிக் கழற்றினான்.

முடிச்சு அவிழவில்லை. கயிறு அறுந்தது.

கார் ஜாக்கியில் ஒரு சக்கரம் இல்லாமல் தொங்கியது. அதனால் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில்தான் போனார்கள். சுசித்ரா கணவனின் கையைப் புது லுங்கியால் சுற்றிப் பிடித்திருந்தாள். சாலை முழுக்கக் காவடிகள். அரோகரா சத்தத்தில் கௌதமனின் ஹாரன் யாருக்கும் கேட்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மூன்று மாதம் கழிந்தது. நான்கு தறிகளில் இரண்டு விற்றுப் போயின. கௌதமன், போனில் பதிவாகியிருந்ததை, 'யாரும் இப்படிச் செய்யாதீர்கள்' என்று எழுதி வெளியிட்டிருந்தான். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். தறிக்கூடத்தில் உட்கார்ந்து பின்னூட்டங்களைப் படித்தான். 'செம சீன் ப்ரோ.' 'கடைசில வண்டி எவ்ளோ எறங்குச்சு?'

இழை அறுந்து தறி நின்றது. பழக்கத்தில் ஜெயப்பிரகாஷ் கையை நீட்டினார். மிச்சமிருந்த மூன்று விரல்களில் நூல் நிற்கவில்லை. மறுபடி எடுத்தார். மறுபடி வழுக்கியது. சுசித்ரா அவர் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தானே முடிந்தாள்.

"நாலு லட்சம் பேரு பாத்தானே கௌதமா, அதுல ஒருத்தன் வந்து இங்க ஒரு முடிச்சு போடுவானா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஊரு பாக்கணும்னு, தெரியாத வேலையில வூட்டு ஆளு கைய வெக்காதீங்கடா. போ, இதையும் அதுல எழுது." அவள் தறியை முடுக்கினாள். "எழுதுனாலும், எத்தினி இஞ்ச் எறங்குச்சுன்னுதான் கேப்பானுங்க."