ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

கணினி வலையமைப்பைப் பாதுகாப்பது எப்படி என்று என் நாத்தனார் ஒரு கையேடு எழுதினார். அதில் தொழில்நுட்பப் பிழை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பதிப்பகத்தில் அந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

காரணம் ஐந்தாம் அத்தியாயத்திலேயே இருந்தது. ஒரு மருத்துவமனையில், வெளியாட்கள் பழுது பார்ப்பதற்காக வலையமைப்பில் திறந்த வழியை ஓர் ஊழியர் அலட்சியமாக மூடாமல் விட்டதால் நோயாளிகளின் விவரம் களவு போனதாம். பெயரைப் போடவில்லை, அவ்வளவு பெருந்தன்மை. அந்த ஊழியர் என் கணவர், நாத்தனாரின் சொந்தத் தம்பி. அந்த மருத்துவமனையில் அக்காவுக்குக் கீழேதான் இவர் வேலை பார்த்தார். அக்கா கொடுத்த அறிக்கையால்தான் இவர் வேலையும் போனது.

"மூடினேன்க்கா, சத்தியமா மூடினேன்" என்று இவர் அப்போது தொண்டை வறளச் சொன்னார். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஃபயர்வால் பெட்டிக்குச் சொல்லும் விதிப் பட்டியலில் அதை மூடும் வரி இருக்கத்தான் செய்தது. ஆனால் எப்போது சேர்த்தது என்று அதில் பதிவில்லை. களவு தெரிந்த பிறகு அவசர அவசரமாகச் சேர்த்திருக்கிறான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். நாளாக நாளாக இவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடுவார். வேறு வேலை தேடச் சொன்னால், "அங்கயும் எதையாவது மறந்து தொலைச்சா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இவர் மேல் அல்ல.

ஆகவே சிவப்புப் பேனாவை ஆசையோடுதான் எடுத்தேன். படித்துவிட்டுத் தலையாட்டுவது என் வழக்கம் இல்லை. எழுதியிருப்பதை அப்படியே ஃபயர்வால் பெட்டியில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பேன். 'எந்த விதியையும் அழிக்காதீர்கள். அதை ரத்து செய்யும் விதியைக் கடைசி வரியாகச் சேருங்கள்' என்று எழுதியிருந்தார். சேர்த்தேன். மூடியிருக்க வேண்டிய வழியில் தகவல் ஜம்மென்று போனது. அந்த வரியை மேலே தூக்கிப் போட்டேன். நின்றுவிட்டது.

சில பெட்டிகள் விதிகளைக் கடைசி வரை படித்து, இறுதியில் பொருந்தும் விதியின்படி நடக்கும். பெரும்பாலானவை மேலிருந்து படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அக்கா காலமெல்லாம் முதல் வகையில் பழகியவர். மருத்துவமனைக்குப் புதுப் பெட்டி வந்தபோது பழைய பழக்கத்தையே அதற்கும் கட்டளையாக்கியவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் மூடியிருக்கிறார், அக்கா சொன்னபடியே, கடைசி வரியில். புதுப் பெட்டி மேலே இருந்த திறக்கும் வரியிலேயே நின்றுவிட்டது, அந்த வரி வரை வரவே இல்லை.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் வேகத்தில் மருத்துவமனைக்குப் போனேன். ஒயர் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, எழுத்துப்பிழையா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்கக்கா."

உபரியாக இருந்த பெட்டியில் ஓட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகி மறுபடியும் ஓட்டினார். பிறகு கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

"அப்போ அவன் மூடத்தான் செஞ்சிருக்கான்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அது எனக்கே பிடிக்கவில்லை. எழுந்து இயக்குநர் அறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"என் தப்புன்னு சொல்லிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன். வா, அவன்கிட்ட போலாம்."

வீட்டில் இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காராமல், ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். இவர் ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அன்னைக்கு நான் சொன்னப்போ ஏன்க்கா நம்பல?"

"எனக்கு என் மேல சந்தேகமே வரலடா."

இவர் பக்கத்தில் குவிந்திருந்த துணியை ஒதுக்கி அக்கா உட்கார இடம் பண்ணினார்.

"உக்காருக்கா. நானே என்னை நம்பலையே, உன்னை எப்படிக் கோச்சுக்கறது?"